ஊருணித் தண்ணீரும் என் வலது காலும்

சாயல்குடி சந்தையில் என்னைப் பார்க்கிற எவனும் முதலில் என் முகத்தைப் பார்ப்பதில்லை. காலைப் பார்க்கிறான். அதற்குப் பிறகுதான், "என்ன தவசி, சௌக்கியமா?" என்கிறான். சௌக்கியமில்லை என்று கண்ணால் பார்த்துவிட்டு எதற்காகக் கேட்கிறான் என்பது எனக்குப் புரிவதில்லை. ஆளுக்கொரு கதை சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒருவனிடம் கப்பலிலிருந்து விழுந்துவிட்டேன் என்றேன். இன்னொருவனிடம் மாமியார் கடித்துவிட்டாள் என்றேன். அவன் உடனே நம்பினான். அவனுக்கு என் மாமியாரைத் தெரியும். இனிமேல் என்னால் ஆகாது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு எழுதப் படிக்க வராது. பள்ளிக்கூடத்துக்கு அய்யா என்னை அனுப்பினார். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு பனை நின்றது. நான் அதில் ஏறிவிட்டேன். இதை எழுதுகிறவன் என் மச்சினன் அழகர். என் பெண்டாட்டி பேச்சியின் தம்பி, தொடக்கப் பள்ளி வாத்தியார். நான் சொல்வதை இலக்கணம் பார்த்து எழுதுகிறான். கெட்ட வார்த்தை வருகிற இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறான். ஆகவே இதில் நான் ரொம்ப நல்லவனாகத் தெரிந்தால் அது அவன் செய்த தவறு. என் கோபத்தை மட்டும் திருத்தக் கூடாது என்று சொல்லி உட்கார வைத்திருக்கிறேன்.

நான் பனையேறி. கோடையில் பாளை விட்டதும் காலையும் மாலையும் ஏறி, பாளையின் நுனியைச் சீவிவிட வேண்டும். சீவினால்தான் பதநீர் சொட்டும். சும்மா விட்டால் பாளை காய்ந்து வாயை மூடிக்கொள்ளும். அந்த வருஷத்துக்கு அந்த மரம் வெறும் கம்பம். நான் இறக்குகிற பதநீரைப் பேச்சி கீழே காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவாள். கோடையில் நான் ஏறினால்தான் வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் உலை கொதிக்கும். பின்னால் நான் செய்த முட்டாள்தனத்தைக் கேட்டுச் சிரிக்கப் போகிறீர்கள். இதையும் மனதில் வைத்துக்கொண்டு சிரியுங்கள்.

அந்த வருஷம் சித்திரையில் என் வலது கணுக்காலுக்கு மேலே ஒரு கொப்புளம் எழுந்தது. நெருப்புக் கங்கை வைத்துக் கட்டியது போல எரிச்சல். எங்கள் பக்கத்தில் கைக்குழந்தையைத் தவிர எல்லோருக்கும் அது என்னவென்று தெரியும். நரம்புச் சிலந்தி. பெயர்தான் சிலந்தி, ஆள் புழு. வெள்ளை நூல் மாதிரி, முழ நீளத்துக்கும் மேலே இருக்கும். உடம்புக்குள்ளேயே ஊர்ந்து இறங்கி, காலில் ஓட்டை போட்டுத் தலையை நீட்டும். கோடை வந்தால் எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது நொண்டுவார்கள். வெயில் வருகிற மாதிரி அதுவும் வருகிறது என்று விட்டுவிடுவோம்.

கொப்புளம் எரிந்தால் ஊருணிக்குப் போவோம். அந்த ஊருணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊருக்குக் குடிதண்ணீர் அது ஒன்றுதான். கிணறு தோண்டினால் கடல் தண்ணீரே தேவலை என்கிற அளவுக்கு உப்பு. மழைத் தண்ணீர் தேங்குகிற பெரிய பள்ளம் அது. ஒரு பக்கம் குறுகலான கல் படிக்கட்டு, மற்ற மூன்று பக்கமும் உடைமுள்ளும் சகதியும். கரையில் ஐயனார் இருக்கிறார், தண்ணீர் அவருடையது. கரையேறும்போதே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். மறந்து மாட்டிக்கொண்டு ஏறினவனை ஊர்த்தலைவர் அம்பலகாரர் கூட்டம் போட்டு விழுந்து கும்பிட வைத்திருக்கிறார். துணி துவைக்கக் கூடாது, மாடு இறங்கக் கூடாது, எச்சில் துப்பக் கூடாது. கீழத்தெருக்காரர்கள் கரைப் பக்கமே வரக் கூடாது. அவ்வளவு சுத்தம். கரையோரத்தில் தண்ணீர் கலங்கலாக இருக்கும் என்பதால் நாங்கள் வெறுங்காலோடு முழங்கால் ஆழத்துக்கு இறங்கி நின்று குடத்தை முக்குவோம். அந்த வெறுங்காலில் புழு தலை நீட்டிக்கொண்டிருந்தாலும் ஐயனாருக்கு ஆட்சேபணை கிடையாது. குளிர்ந்த தண்ணீரில் காலை வைத்ததும் எரிச்சல் அடங்கும். சாமி குணப்படுத்துகிறார் என்போம். நானும் போய் நின்றேன். என் பக்கத்தில் பேச்சி குடத்தை முக்கினாள். வீட்டுக்கு வந்து அதைத்தான் குடித்தேன்.

கொப்புளம் உடைந்து புழு தலையை நீட்டியதும் அதை ஒரு ஈர்க்குச்சியில் சுற்றிக் கட்ட வேண்டும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிச் சுற்றி வெளியே எடுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துவிடும். அறுந்தால் உள்ளே நிற்கிற பாதி அழுகிச் சீழ் பிடிக்கும். அதனால் வாரக் கணக்கில் காலை நீட்டிப் படுத்துக் கிடப்பார்கள்.

என் மரங்களிலோ பாளை சொட்டிக்கொண்டிருந்தது.

"பேசாமப் படுத்துக்கங்க. இந்த வருசம் போனாப் போகுது," என்றாள் பேச்சி.

"நான் படுத்துக்கிறேன். பாளைய யாரு சீவுறது? இந்தப் புழுவ ஏறச் சொல்லவா?"

"அறுந்துபோச்சுன்னா?"

"அதெல்லாம் அறுபடாது. கோயில் காளைக்குக்கூட இப்படிப் பதனமா மூக்கணாங்கயிறு போட்டதில்ல."

ஈர்க்குச்சியைக் கணுக்காலோடு சேர்த்துத் துணியால் இறுக்கிக் கட்டினேன். அதன்மேல் தளையை மாட்டினேன். தளை என்பது நாரில் முறுக்கிய வளையம். இரண்டு பாதத்தையும் அதற்குள் விட்டு, மரத்தைக் கவ்விக்கொண்டு ஏறுவோம். முதல் இரண்டு மரத்தில் ஒன்றும் ஆகவில்லை. மேலே நின்று பேச்சிக்குக் கையசைத்தேன். அடுத்த மரத்தில் பாதி ஏறும்போது தளை துணியை உருட்டிவிட்டது. உள்ளே சுருக்கென்றது. ஏறினது ஏறினோம் என்று சீவிவிட்டுத்தான் இறங்கினேன். அவிழ்த்துப் பார்த்தால் ஈர்க்குச்சியில் பாதிப் புழு இருந்தது. மீதி என்னுள்ளே போய்விட்டது.

"என்னங்க ஆச்சு?"

"பாகம் பிரிச்சாச்சு. ஆளுக்குப் பாதி."

அவள் சிரிக்கவில்லை. அன்றைக்குச் சாயந்திரமும் ஒரு மரம் பாக்கி இருந்தது. அதையும் ஏறினேன்.

அதற்குப் பிறகு காய்ச்சல் வந்தது. கால் வாழைத்தண்டு மாதிரி வீங்கிப் பளபளத்தது. நான் என்னென்னவோ உளறினேனாம். அம்பலகாரரை அவர் வீட்டு எருமையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதாகப் பேச்சி சொல்கிறாள். அது உளறல் என்று எப்படிச் சொல்ல முடியும் என்று தெரியவில்லை. அழகர் மாட்டுவண்டி கட்டி, வண்டியிலிருந்து பஸ்ஸில் ஏற்றி, டவுன் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மீன் சந்தையைவிடக் கூட்டம். கம்பவுண்டர் ஒருவர் ஜன்னலுக்கு உள்ளே இருந்தார். அவருக்கு முன்னால் ஒரு பெரிய ஜாடியில் சிவப்புத் தண்ணீர். இருமுகிறவனுக்கும் அதுதான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனுக்கும் அதுதான்.

"பாட்டில் எங்க?" என்று கேட்டார்.

"பாட்டில் கொண்டாரல சார். காலத்தான் கொண்டாந்திருக்கோம்," என்றான் அழகர்.

"பாட்டில் இல்லாம மருந்த எதுல ஊத்துறது? போய் வாங்கிட்டு வா."

"நீங்க இன்னும் கால பாக்கவே இல்லியே சார்."

"நான் பாத்து என்னப்பா செய்ய? டாக்டரு பாப்பாரு. அடுத்த ஆளு."

நான் வராந்தாத் தரையில் படுத்துக் கிடந்தேன். ஈ மொய்த்தது. நல்ல பதநீர்ப் பானைக்குக்கூட அவ்வளவு ஈ வந்ததில்லை. எப்போதும் அதிர்ந்து பேசாத என் மச்சினன் அன்றைக்குப் போட்ட சத்தத்தில் டாக்டர் வெளியே வந்துவிட்டார். என்ன சொல்லிக் கத்தினான் என்று கேட்டால் இப்போது எழுத மாட்டேன் என்கிறான்.

டாக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். ஒல்லியாக, சரியாகத் தூங்காத கண்ணோடு இருந்தார். குனிந்து முகர்ந்து பார்த்தார்.

"புழு அறுந்ததா?"

"ஆமாங்க."

"அறுந்த பிறகு நடந்தியா?"

"நடக்கலீங்க. ஏறினேன்."

"எதுல?"

"பனையில. ஒரு மரந்தாங்க."

அவர் என் முழங்காலை விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "சீழ் முழங்கால் மூட்டுக்குள்ள போயிடுச்சு. அங்கேயே நின்னா பிழைச்சே. தொடைக்கு ஏறினா காலை எடுத்தாகணும். எடுக்கலைன்னா ஆளே போயிடுவே. பனையேறின்னு சொல்றே. வேற தொழில் ஏதும் தெரியுமா?"

"கேலி பேசத் தெரியுங்க," என்றேன்.

பேச்சி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள்.  ஒற்றைக்கால் பனையேறியை நான் கேள்விப்பட்டதில்லை. காலை எடுத்துவிட்டால் நான் என்ன ஆவேன் என்று யோசித்தபோது, கருப்பட்டி காய்ச்சுகிற அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டுகிற ஒரு ஆள்தான் கண்ணுக்குத் தெரிந்தான். அந்த ஆளை எனக்குப் பிடிக்கவில்லை.

முழங்காலில் கீறி, ஒரு ரப்பர்க் குழாயைச் சொருகிச் சீழை வடிய விட்டார்கள். பென்சிலின் ஊசி போட்டார்கள். சீழ் வைக்கிற கிருமியைக் கொல்லுகிற மருந்து அது. சின்னக் குப்பியில் தூளாக வரும். கொதிக்க வைத்து ஆறின தண்ணீரைக் கலந்து ஏற்றுவார்கள். ஒரு ஊசி போட்டு அது ஓய்வதற்குள் அடுத்ததைப் போட வேண்டும். இடையில் விட்டால் கிருமி தெம்பாகிவிடும் என்றார் நர்ஸம்மா. எனக்கு உடனே புரிந்தது. பாளை சீவுகிற மாதிரிதான். வார்டு முழுவதற்கும் இருந்த ஊசிகளைத் திரும்பத் திரும்பக் கொதிக்க வைத்தே போட்டார்கள். எனக்கு வாய்த்தது மழுங்கல்.

"ஏம்மா, இத அரிவாளுக்குச் சாணை பிடிக்கிற மாதிரிப் பிடிச்சுத் தரவா?" என்று கேட்டேன்.

"பேசாம குப்புறப் படுங்க. ஊசி உடைஞ்சா வேற ஊசி கிடையாது," என்றார் நர்ஸம்மா.

ஒரு நாள் காலையில் ஊசி வரவில்லை. மத்தியானமும் வரவில்லை. மருந்து தீர்ந்துவிட்டது, பெட்டி வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். எங்கே வருகிறது என்று கேட்டால், வழியில் வருகிறது என்றார்கள். எனக்குக் காய்ச்சல் மறுபடி ஏறியது. மருந்தறைக்கு முன்னால் டாக்டர் போட்ட கூச்சல் வார்டு வரைக்கும் கேட்டது. உயிர் காக்கிற மருந்தை எவனோ எங்கேயோ கண்டுபிடித்து, அது கடல் தாண்டி வந்து, ரயிலேறி, எங்கள் ஜில்லா வரைக்கும் வந்துவிடுகிறது. கடைசியில் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு வர மாட்டேன் என்கிறது. இறக்கி வைத்த பெட்டியைத் திறக்கிற சாவி கல்யாணத்துக்குப் போயிருந்ததாம். டாக்டர் பூட்டை உடைத்தார். நான் இன்றைக்கு உயிரோடு இருந்து இவ்வளவு பேசுவதற்கு அந்தப் பூட்டு உடைந்ததுதான் காரணம்.

பேச்சி என் கட்டிலுக்கு அடியில்தான் படுத்தாள். வார்டுக் காவல்காரன் அவளை விரட்டுவான். முந்தானையிலிருந்து ஒரு கருப்பட்டித் துண்டு எடுத்துக் கொடுப்பாள். அவன் கண்ணுக்கு அவள் தெரியாமல் போய்விடுவாள். ஊரில் என் மாமியார் தனியாக நின்று, தூரத்துச் சொந்தக்காரன் ஒருவனை ஏற்றி, என் மரங்களில் பாதியையாவது காய்ந்துபோகாமல் காப்பாற்றினாள். கடித்துவிட்டாள் என்று நான் சொன்னதை அவள் காதில் யாரும் போட வேண்டாம்.

பக்கத்துக் கட்டிலில் எங்கள் ஊர் முனியாண்டி கிடந்தான். கீழத்தெரு. மரம் அறுக்கிறவன், தடி உருண்டு இடுப்பில் அடி. ஊரில் அவன் எங்கள் தெரு வழியாகப் போவது கிடையாது. இங்கே அவன் கட்டிலும் என் கட்டிலும் முட்டிக்கொண்டு கிடந்தன. முதலில் இரண்டு பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆஸ்பத்திரிக் கஞ்சியைத் திட்டுவதில் ஒன்று சேர்ந்துவிட்டோம்.

ஒரு நாள் டாக்டர் அவனைப் பரிசோதிக்க வந்தவர், அவன் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார். என் இரண்டு காலிலும் பழைய சிலந்தித் தழும்பு ஏழெட்டு இருக்கும்.

"நீயும் இவன் ஊர்தானே? உனக்கு இது வந்ததில்லையா?"

"இல்லீங்க சாமி. எங்க தெருவில யாருக்கும் வராதுங்க," என்றான் முனியாண்டி.

"குடிக்கத் தண்ணி எங்கே எடுக்கறீங்க?"

"ஓடை மணல்ல ஊத்துத் தோண்டி, செரட்டையில கோதி எடுப்போமுங்க. பொம்பளைக பாதி நாளு அதுலயே கழிச்சுருவாக."

"ஊருணியிலே எடுக்க மாட்டீங்களா?"

முனியாண்டி என்னைப் பார்த்தான். "அங்க எங்கள விட மாட்டாகங்க. நாங்க எறங்குனா தண்ணி கெட்டுப்போகுமாம்."

டாக்டர் என் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். சிரித்தார் என்றுதான் முதலில் நினைத்தேன், அது சிரிப்பு இல்லை. பிறகு எனக்கு விளக்கமாகச் சொன்னார். காலிலிருந்து தலை நீட்டுகிறது பெண் புழு. கால் தண்ணீரில் பட்டதும் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகளை ஆயிரக்கணக்கில் தண்ணீரில் கொட்டும். தேங்கின தண்ணீரில் பொடிப்பொடியாகத் தெள்ளுப்பூச்சி மாதிரி ஒன்று நீந்தும்; அது அந்தக் குஞ்சுகளைத் தின்னும். அந்தப் பூச்சியை நாம் தண்ணீரோடு குடிப்போம். வயிற்றுக்குள் பூச்சி செத்துப்போகும், குஞ்சு வெளியே வந்து வளரும். ஒரு வருஷம் உள்ளேயே வளர்ந்து, அடுத்த கோடைக்குக் காலில் தலை நீட்டும். மணல் ஊற்றில் யாரும் இறங்கி நிற்பதில்லை. அதனால் அதில் புழு இல்லை.

"இதுக்கு மருந்து என்னங்க?"

"மருந்தே கிடையாது. காலோட தண்ணியிலே இறங்கக் கூடாது. குடிக்கிற தண்ணியை வேட்டித் துணியை ரெண்டா மடிச்சு வடிகட்டணும். அவ்வளவுதான்."

 எனக்குப் பேச்சு கத்தலாகத்தான் வந்தது.

"அவ்வளவுதான்னா இத்தன வருசமா எங்ககிட்ட ஏன் ஒருத்தனும் சொல்லல?"

அம்மை குத்த எங்கள் ஊருக்கு வருவார்கள். வீட்டுக்கு வீடு சுவரில் கொசு மருந்தடித்துவிட்டு, அடித்ததற்கு அடையாளமாகக் கதவில் எழுதிவிட்டுப் போவார்கள். குளிர்காய்ச்சல் அதற்குப் பிறகு குறைந்தது, பொய் சொல்லக் கூடாது. ராமேஸ்வரத்துக்கு யாத்திரை வருகிறவர்களைப் பஸ்ஸை நிறுத்திக் காலரா ஊசி போட்டு அனுப்புகிறார்கள். அங்கே கிணறு தவறாமல் மருந்துத் தூள் போடுகிறார்கள். எங்கள் ஊருக்கு எந்த வடநாட்டானும் யாத்திரை வருவதில்லை. எங்கள் தண்ணீரைப் பார்க்க வருகிறவர் ஒரே ஒரு சுகாதார அதிகாரி. கரையில் நின்று ஊருணியை எட்டிப் பார்ப்பார். வெயிலில் வந்தவர் ஆயிற்றே என்று பேச்சி செம்பில் தண்ணீர் நீட்டினால், "தண்ணி வேணாம்மா, பதநீர் இருந்தாக் குடு," என்பார். நான் அவருக்காகவே மரம் ஏறி இறக்கிக் கொடுத்திருக்கிறேன். எங்கள் பதநீரின் ருசி அவரை இழுக்கிறது என்று சாயல்குடி சந்தை வரைக்கும் பெருமையடித்திருக்கிறேன். அந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் குடிக்கவில்லை.

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். "சிலந்தியாலே நேரா யாரும் சாகறதில்லைப்பா. செத்தாத்தான் மேலே கணக்கிலே வரும். நொண்டினா வராது."

"அப்ப ஊரோட செத்துக் காட்டவா?"

 அவர் மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? ஆனாலும் பட்டேன். பூட்டை உடைத்தவர் மேலேயே பட்டேன். நாக்கு கைக்கெட்டிய ஆளைத்தான் அடிக்கிறது.

அவர் போன பிறகு முனியாண்டி மெதுவாகச் சொன்னான். "எங்களச் சேக்காம வச்சு நல்லதுதான் பண்ணிருக்கீக, அண்ணே."

  சுத்தம் சுத்தம் என்று அவனைக் கரைக்கு வெளியே நிறுத்திவிட்டு, நாங்கள் ஒருவர் கால் புழுவை ஒருவர் குடித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

காய்ச்சல் இறங்கியது. குழாயைப் பிடுங்கினார்கள். புண் ஆறிய பிறகு டாக்டர் என் முழங்காலைப் பிடித்து மடக்கினார். மடங்கவில்லை. இன்னும் அழுத்தினார். நான் போட்ட சத்தத்தில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. மூட்டுக்குள் சீழ் நின்றதால் எலும்பும் எலும்பும் ஒட்டிக்கொண்டன என்றார்.

"கால் தப்பிச்சுடுச்சு, தவசி."

"மரம் ஏறலாமுங்களா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். எனக்குப் போதுமான பதில் அது.

வீட்டுக்கு வந்ததும் பேச்சி என் வேட்டியைக் கிழித்துக் குடத்து வாயில் இரண்டாக மடித்துக் கட்டினாள். பக்கத்து வீட்டார் சிரித்தார்கள். ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அம்பலகாரர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்.

"ஏலே தவசி, சாமி தண்ணியில புழு இருக்குன்னா, சாமிக்குத் தெரியாமலா இருக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். குற்றம் என்னுடையதுதான். பிறந்ததிலிருந்து அவர்களைச் சிரிக்க வைத்தே பழக்கியிருக்கிறேன். இப்போது நான் எதைச் சொன்னாலும் சிரிக்கிறார்கள். மறுநாள் காலையில் ஊரே முழங்கால் தண்ணீரில் நின்று குடத்தை முக்கியது.

அடுத்த கோடை வந்தது. துணி கட்டுவதற்கு முன்னால் குடித்தது பேச்சியின் உடம்பில் இருந்திருக்கிறது. அவள் இடது பாதத்தில் கொப்புளம் எழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வாசலில் மறித்தேன்.

"எரியுது. விடுங்க. செத்த நேரம் தண்ணியில நின்னுட்டு வாரேன்."

"நிக்கக் கூடாது."

"அப்ப எரிஞ்சு சாகவா?"

குடத்தைப் பிடுங்கிக்கொண்டு நான் போனேன். விறைத்த காலைக் கம்பு மாதிரி ஊன்றி ஊன்றித் தண்ணீர் கொண்டுவந்து, கொல்லையில் உட்கார வைத்து அவள் பாதத்தில் ஊற்றினேன். தீர்ந்ததும் மறுபடி போனேன். ஒருத்திக்கு நான் சுமக்கலாம். ஊருக்கு யார் சுமப்பது? சர்க்கார் ஒரு சுவர் கட்டி மேலேயிருந்து கயிற்றில் சேந்துகிற மாதிரி ஏற்பாடு செய்தால் முடிந்தது. பிளாக் ஆபீஸில் போய்ச் சொன்னேன். அடுத்த திட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள். அந்த ஆபீஸின் கக்கூஸுக்குப் போட்டிருக்கிற கல்லில் எங்கள் ஊருணிக்கு நாலு பக்கமும் சுவர் கட்டலாம்.

என் வீட்டுக்குப் பின்னால் நின்ற பனைதான் என் மரங்களில் நன்றாகச் சொட்டியது. அதை வெட்டச் சொன்னேன். பேச்சி வேண்டாம் என்று அழுதாள். வேறு ஒருவன் அதில் ஏறி இறங்குவதைத் தினமும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க எனக்குச் சக்தி இல்லை என்றேன். முனியாண்டி கொல்லைப் பக்கமாக வந்து அறுத்து, இரண்டாகப் பிளந்து, மேல்பக்கத்தைச் செதுக்கிக் கொடுத்தான்.

"வாடா, ஊருணியில கொண்டுபோய்ப் போடுவோம்," என்றேன்.

ரம்பத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "மரம் அறுத்தாச்சு அண்ணே. அங்கன நான் வரல. நாளைக்கு யாருக்காச்சும் வயித்தால போனாலும் நான் வந்து நின்னதாலங்குவாக. எங்க ஊத்து எங்களுக்குப் போதும்."

அழகரும் நானும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து, கவைக்கம்பு ஊன்றி, படியிலிருந்து தண்ணீருக்கு மேலே அந்தத் தடிகளைப் பாலம் மாதிரி நீட்டிப் போட்டோம். நுனியில் நின்று, பனையோலையை வாளி மாதிரி மடித்த பட்டையில் கயிறு கட்டிச் சேந்தினால் காலில் ஒரு சொட்டுப் படாது. இளம்பெண்களுக்குப் பிடித்துவிட்டது, சேலை நனையவில்லை. பெரியவர்கள் மட்டும் பக்கத்திலேயே இறங்கி முக்கினார்கள்.

அதனால் நான் மேல்படியில் போய் உட்காரத் தொடங்கினேன். பாலத்துக்குப் போகிற பக்கத்தை விட்டுவிட்டு, தண்ணீருக்கு இறங்குகிற பக்கத்தில் இந்தக் காலை நீட்டிக்கொள்வேன். குறுகலான படி, என் கால் அந்தப் பக்கம் முழுவதையும் அடைத்துவிடும். உட்கார்ந்திருக்கிறவன் காலைத் தாண்டிப் போகிற பழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. அதிலும் சாமி கரையில்.

ஒரு நாள் அம்பலகாரர் வந்தார். வலது காலில் துணி சுற்றியிருந்தது. துணிக்குள் என்ன இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். வேர்த்துக் கொட்டியது அவருக்கு.

"ஏலே, கால மடக்கு."

"மடங்காதுங்கய்யா."

"மடக்குலேங்கிறேன்."

"டாக்டரே மடக்கிப் பாத்துட்டாருங்க. மடங்குற காலா இருந்தா இந்நேரம் நான் மரத்துல இருப்பேன்."

"அப்ப எந்திரிச்சு வழிய விடு."

"எந்திரிக்கணும்னா ரெண்டு பேரு தூக்கணும். இல்லன்னா தாண்டிப் போங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

பாலத்தின் மேல் நின்ற பெண்கள் சேந்துவதை நிறுத்திவிட்டார்கள். அவர் என் காலைப் பார்த்தார். ஐயனாரைப் பார்த்தார். ஒரு பாதத்தைத் தூக்கி, திரும்ப வைத்தார். எரிச்சல் அவரை நிற்க விடவில்லை. கரையின் வெளிச்சரிவில், தண்ணீர் திரும்ப ஊருணிக்குள் போக முடியாத இடத்தில், உட்கார்ந்துவிட்டார்.

பேச்சி பட்டையில் தண்ணீர் சேந்திக்கொண்டு நொண்டி நொண்டிப் போனாள். அவர் துணியை அவிழ்த்து, காலில் ஊற்றினாள். திரும்பி வந்து இன்னொரு பட்டை சேந்தினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. அந்த எரிச்சலும் அது அடங்குகிற சுகமும் எனக்குத் தெரியும். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் காலை எடுக்கவில்லை.

ரொம்ப நேரம் கழித்து எழுந்தார். கம்பை ஊன்றிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நாளைக்கும் இங்கனதான் உக்காந்திருப்பியாலே?"

"எனக்கு வேற எங்கனங்கய்யா வேல இருக்கு?" என்றேன்.